வெண்ணிப் போர் எந்த மாசம்?

நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
நெல் மூட்டை ஏற்றிய சரக்கு வண்டி
முன்னால் போவதா பின்னால் வருவதா என்று
முடிவு கட்டாமல் குறுக்கே நின்றது.
பதினோரு மணிக்குக் கூட்டம்.
கேட்டுக்கு இந்தப் பக்கம் நான்,
என் ஜோல்னாப் பையில்
வரப்போகும் ஆண்டின் போர்கள்.

ஜெகபர் அச்சகத்து மாடி.
கீழே மெஷின் கல்யாணப் பத்திரிகை துப்பிக்கொண்டிருந்தது,
ஒவ்வொரு துப்பலுக்கும்
டீ கிளாஸுக்குள் ஒரு வளையம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு சந்தாதாரர்கள்.
நாற்பது பேர் காலாவதி.
இரண்டு பேர் காலமே ஆகிவிட்டார்கள்,
அவர்களுக்கும் இதழ் போகிறது.

"தை இதழ், யானைப்படை" என்றேன்.
யானை அட்டையில் நன்றாக விழும்.
எல்லாரும் தலையாட்டினார்கள்.
"சித்திரைக்குக் கோட்டை முற்றுகை."
"நம்ம பக்கம் ஏது கல்லு, ஏது மலை?
முற்றுகையிடணும்னா மதகைத்தான் இடணும்"
என்றார் ஜெகபர். சிரிப்பதற்காகத்தான் சொன்னார்.
நான் குறித்துக்கொண்டேன்.

ஆடிக்குக் கடற்படை,
ஐப்பசிக்கு வெண்ணிப் பறந்தலை.
இரண்டு வேந்தர், பதினொரு வேளிர்,
எதிரே ஓர் இளஞ்சோழன்.
இங்கிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம்தான்
(கேட் திறந்திருந்தால்).

இன்பவல்லி பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
பயிர்ச் சேதம் கணக்கெடுக்கிற வேலை,
செருப்பில் எந்நேரமும் காய்ந்த வண்டல்.
"வெண்ணிப் போர் எந்த மாசம்?" என்றாள்.

நான் பையைத் திறந்தேன்.
வென்றவன் பெயர் இருந்தது,
தோற்றவர்களின் தொகை இருந்தது.
மாசம் இல்லை.

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.
நடவு முடிஞ்சிருந்தா உங்க யானை தொடை வரைக்கும் புதையும்.
பால் பிடிக்கிற நேரம்னா
ஒரு போகமே போயிருக்கும்.
தரிசா கெடந்துச்சுன்னா சரி, சண்டை போட்டுக்கட்டும்.
பறந்தலைன்னா தரிசுதானே?
ஆனா பாடினவங்க வந்தது சண்டைக்கு அப்புறம்.
தரிசாக் கெடந்துச்சா, தரிசா ஆச்சா?"

மெஷின் நின்றது. தாள் சிக்கியிருக்க வேண்டும்.
ஜெகபர் கீழே இறங்கிப் போனார்.

தைரியநாதன் அதுவரை பேசவில்லை.
நாகப்பட்டினத்துக்காரர்,
ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் சிக்னல் பிரிவு,
எங்களுக்குப் பிழை திருத்துபவர்.
ஐப்பசிக் கட்டுரையின் மூன்றாம் பத்தியில்
அவர் விரல் நின்றிருந்தது:
முதுகில் புண்பட்ட சேரன்
வெட்கி வடக்கிருந்த இடம்.

"எனக்கும் முதுகுலதான்" என்றார்.
"ஒயர் போட்டுக்கிட்டுக் குனிஞ்சிருந்தேன்.
ஒயர் போடுறவன் எந்தப் பக்கம் பாத்துக் குனியிறது?"

மின்விசிறி சுற்றிய சத்தம் கேட்டது.

"வெக்கமா இருந்துச்சா?" இன்பவல்லிதான் கேட்டாள்,
மகசூல் கேட்கிற அதே குரலில்.

"ஆஸ்பத்திரியில குப்புறப் படுக்க வச்சாங்க.
ஒன்றரை மாசம் தரையைத்தான் பாத்தேன்.
மொசைக் தரை. அதுல புள்ளி எண்ணலாம்.
வெக்கப்பட ஆள் வேணும்ல, எதிர்ல?"
பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து
'புறமுதுகிட்டு' என்பதில் ஓர் ஒற்றைச் சரிசெய்தார்.
சொல்லை அடிக்கவில்லை.

நான் பட்டியலைக் கிழிக்கவும் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
தை, முதுகு.
சித்திரை, மதகு.
ஆடிக்கு எதுவும் தோன்றவில்லை,
கடற்படை அப்படியே இருக்கட்டும்.
ஐப்பசிக்கு இன்பவல்லி தன் படிவம் ஒன்றையே நீட்டினாள்.
கிராமம்: வெண்ணி.
பயிர்: நெல் (என்று கொள்க).
சேதத்தின் காரணம் என்ற கட்டத்தில்
வெள்ளம், வறட்சி, பூச்சி என்று அச்சாகியிருந்தது.
'இதர' என்பதில் டிக் அடித்திருந்தாள்.
பருவம் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

ஜெகபர் மையோடு ஏறி வந்தார்.
"எல்லாத்தையும் மாத்திட்டீங்களா?
யானை பிளாக்குக்குக் காசு கட்டியாச்சே!"

"யானை இருக்கட்டும்ணே" என்றாள் அவள்.
"தொடை வரைக்கும் மட்டும்
சேறு பூசிடுங்க."